இளையரசனேந்தலுக்கு ஆறு வண்டிகள்!

முதலிலேயே ஓர் உண்மையை ஒப்புக்கொண்டு விடுகிறேன். எனக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. சாதாரண சைக்கிள் தெரியும். அதிலும் இறங்குவதற்கு ஒரு திண்ணையோ விளக்குக் கம்பமோ பக்கத்தில் இருக்க வேண்டும். இப்படிப்பட்டவனைக் கூப்பிட்டு, "மதுரையில் ஒரு சின்னக் கோஷ்டி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் கிராமம் கிராமமாகச் சுற்றுகிறதாம். நீயும் அவர்களோடு ஒரு நாள் சுற்றிவிட்டு வந்து எழுது" என்று ஆசிரியர் உத்தரவு போட்டால் என்ன செய்வது?

வீட்டில் வந்து சமாசாரத்தைச் சொன்னேன். என் மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"வண்டியை ஓட்டப் போவது யார்? நீங்களா?" என்றாள்.

"இல்லை. ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாளாம். நான் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து வரவேண்டியதுதான்."

அவள் முகம் உடனே தெளிந்தது. "அப்படியானால் பயமில்லை. தாராளமாகப் போய்விட்டு வாருங்கள்!" என்று கரண்டியை மறுபடி கையில் எடுத்தாள்.

என் திறமையில் அவளுக்கு இருக்கும் நம்பிக்கையைப் பார்த்தீர்களா?

பெயரில்லாத சங்கம்

பொங்கல் கழிந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. மதுரையில் இன்னும் விடியவில்லை. தெருவிளக்கின் கீழே ஆறு வண்டிகள் வரிசையாக நின்றன. இந்தச் சங்கத்துக்குப் பெயர் கிடையாது. பெயர் வைக்க ஒரு முறை கூட்டம் போட்டார்களாம். கூட்டம் சண்டையில் முடிந்ததாம். "பெயர் இல்லாவிட்டால் என்ன? பெட்ரோல் இருக்கிறதல்லவா?" என்று அன்றைக்கு விட்டதுதான்.

முதல் வண்டி ஓய்வு பெற்ற ஹவில்தார் ஐயாவுடையது. அடுத்து ஒரு கல்லூரி மாணவன். அவன் வண்டியைப் பார்த்தால் சாலையில் போகுமா, ஆகாயத்தில் போகுமா என்று சந்தேகம் வரும். பிறகு ஒரு பாங்க் அதிகாரி. அவர் மனைவி பின்னால் உட்காருவதில்லை. தனக்கென்று தனி வண்டி வைத்திருக்கிறார். "இவர் ஓட்டும்போது நான் யோசனை சொன்னால் இவருக்குக் கோபம் வருகிறது. தனி வண்டி வாங்கின பிறகு எங்கள் குடும்பம் அமைதியாக நடக்கிறது" என்றார் அந்த அம்மாள்.

ஐந்தாவது, மின்சாமான் கடை வைத்திருப்பவரின் பழைய யெஸ்டி. மைசூரில் 1961 முதல் ஜாவா வண்டிகளையும், பிறகு யெஸ்டிகளையும் செய்துகொண்டிருந்த ஆலையை 1996-ல் மூடிவிட்டார்கள். ஆனால் கடைக்காரர் தம் வண்டியை மூடுவதாக இல்லை. அதில் ஒரு விசித்திரம்: உதைத்துக் கிளப்புகிற நெம்புகோலையே மடக்கிவிட்டால், அதுவே கியர் மாற்றுகிற நெம்புகோலாகிவிடும். ஒரே மருமகள் சமையலையும் பார்த்து, கணக்கையும் எழுதுகிற மாதிரி!

கடைசி வண்டி டீச்சரம்மாவின் புல்லட். 1955 முதல் சென்னையில் உற்பத்தியாகி வரும் வண்டி அது. இங்கிலாந்தில் அதைப் பெற்றவர்கள் 1970-ல் கடையைக் கட்டிவிட்டார்கள். தத்துக் கொடுத்த பிள்ளை மட்டும் இங்கே செழிப்பாக இருக்கிறது.

டீச்சரம்மாவுக்கு வயது ஐம்பத்திரண்டு. ஓட்டக் கற்றுக்கொண்டது நாற்பத்தாறாம் வயதில். வண்டி அவருடைய கணவர் வாங்கியது. அவர் காலமான பிறகு இரண்டு வருஷம் கொட்டகையில் துணி போர்த்தி நின்றது. விற்கவும் மனமில்லை, பார்க்கவும் முடியவில்லை. ஒருநாள் மாமியார் கூப்பிட்டுச் சொன்னாராம்: "பூட்டி வைத்த வீடும் நிறுத்தி வைத்த வண்டியும் சீக்கிரம் பாழாய்ப் போகும். ஒன்று விற்றுவிடு, இல்லாவிட்டால் எடுத்து ஓட்டு." மருமகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிய மாமியாரைப் பற்றி நீங்கள் இதற்கு முன் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நான் கேள்விப்பட்டதில்லை.

சட்டதிட்டங்கள்

பெயர்தான் இல்லையே தவிர, சட்டதிட்டங்கள் பலமாக இருக்கின்றன. புறப்படுவதற்கு முன் ஹவில்தார் ஐயா அவற்றை ஒரு முறை ஒப்பித்தார். பெட்ரோல் தொட்டி நிரம்பியிருக்க வேண்டும். டயரில் காற்று, பிரேக், செயின், விளக்கு ஆகியவற்றை அவரவரே சோதிக்க வேண்டும். தலைக்கவசம் ஓட்டுகிறவருக்கு மட்டுமல்ல, பின்னால் இருப்பவருக்கும் உண்டு. முன்னால் போகிற வண்டியைக் கோஷ்டிக்குள் யாரும் முந்தக்கூடாது. ஒருவர் பின்னால் ஒருவராகவோ, ஜோடியாகவோ போகாமல், ஒருவர் சற்று வலப்புறம், அடுத்தவர் சற்று இடப்புறம் என்று போகவேண்டும். அப்போதுதான் எல்லாருக்கும் முன்சாலை தெரியும். திடீரென்று நிறுத்தவும் இடம் இருக்கும். முன்வண்டி கடந்த மைல்கல்லை நாம் கடக்க இரண்டு வினாடியாவது ஆகவேண்டும்.

இவையெல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. அனுபவம் குறைந்தவர் தலைவருக்கு அடுத்தபடியாக வரவேண்டும். நன்றாகத் தேர்ந்தவர் கடைசியில் வரவேண்டும். கோஷ்டியின் வேகத்தை நிர்ணயிப்பவர் மெதுவாகப் போகிறவர்தான். யார் வழியில் நின்றாலும் அவரை விட்டுவிட்டுப் போகாமல் கூடவே நிற்பது கடைசி வண்டியின் கடமை.

"அதனால்தான் டீச்சரம்மா கடைசி. முப்பது வருஷமாகப் பின்வரிசைப் பிள்ளைகளைக் கரையேற்றியவர்" என்றார் ஹவில்தார் ஐயா. கல்லூரி மாணவன் மட்டும் தலைவருக்கு அடுத்த இடம் தனக்குக் கிடைத்ததைக் கௌரவமாக எண்ணவில்லை. அதன் பொருள் அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது.

ஆறு வண்டிகளும் ஒன்றாக உறுமின. நான் முருகனை வேண்டிக்கொண்டு, பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

சாத்தூரில் ஒரு சரித்திர பாடம்

நால்வழிச் சாலையில் விருதுநகரைத் தாண்டும்போது கிழக்கு வெளுத்தது. சாத்தூரில் தேநீருக்கு நிறுத்தினோம். சாத்தூருக்கு வந்துவிட்டுக் காராச்சேவு வாங்காமல் போனால் வீட்டில் சேர்க்கமாட்டார்கள் என்பதால் அந்தக் காரியமும் நடந்தது.

தேநீர்க் கடைக்காரர் டீச்சரம்மாவையும் புல்லட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அம்மாவா ஓட்டி வந்தது?" என்று என்னிடம் கேட்டார். "ஆமாம்" என்றேன். என்னை அவர் பார்த்த பார்வையில் அனுதாபம் இருந்தது.

டீச்சரம்மா சிரித்துக்கொண்டே பாடம் நடத்தினார். "இது ஒன்றும் புதிசு இல்லை, சார். 1916-ல் அமெரிக்காவில் அகஸ்டா, அடிலைன் என்ற வான் பியூரன் சகோதரிகள் இரண்டு பேர் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்கு ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில் போனார்கள். நல்ல சாலை கிடையாது. சேறு, மலை, பாலைவனம். வழியில் போலீசார் பிடித்தார்கள். எதற்காக என்று நினைக்கிறீர்கள்? வேகத்துக்காக அல்ல, கால்சட்டை அணிந்ததற்காக!"

1950-லேயே உலகத்துப் பெண் ஓட்டிகளுக்காக ஒரு சர்வதேசச் சங்கம் ஏற்பட்டிருக்கிறது. நம் நாட்டில் 2011-ல் பெண்களே தங்களுக்கென்று 'பைக்கர்னி' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். சென்னைக்கு மோட்டார் பந்தயம் எப்போதோ வந்தாயிற்று. 1953-ல் ஆரம்பித்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், யுத்தகால விமானத் தளமான சோழவரத்தில் வருஷா வருஷம் பந்தயம் நடத்தியது. இப்போது இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதையே இருக்கிறது. ஆனால் அது வேகத்துக்கான இடம். இந்த ஆறு பேருக்கு வேகம் வேண்டாம், ஊர் வேண்டும்.

கரிசல் சீமையிலே

கோவில்பட்டியில் நால்வழிச் சாலையை விட்டு இறங்கினோம். ரயில் பாதைக்கு அடியில் நுழைந்து மேற்கே போகிறது இளையரசனேந்தல் சாலை. ஊர் பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். ஆனால் அந்தத் தூரத்தில் உலகமே மாறிவிடுகிறது.

கண்ணுக்கெட்டிய வரை கறுப்பு மண். காவிரிக்கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு, பச்சை இல்லாத பூமியும் இத்தனை அழகாக இருக்கும் என்று அதுவரை தெரியாது. கரிசல் மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. மழை பெய்தால் உப்பிக் குழைந்து காலைப் பிடித்துக்கொள்ளும். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே அப்பிக்கொண்டு வண்டியை நகரவிடாது. வெயில் அடித்தால் கை நுழைகிற அளவுக்கு வெடித்துவிடும். ஆனால் குடித்த தண்ணீரை வெகு நாள் மறக்காமல் வயிற்றிலே வைத்திருக்கும். அதனால்தான் ஆறும் கால்வாயும் இல்லாமலே ஐப்பசி, கார்த்திகை மழையை மட்டும் நம்பி உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், கம்பு, பருத்தி எல்லாம் இங்கே விளைகின்றன. மானாவாரிப் பயிர்களை ஆராய்வதற்காக 1901-லேயே கோவில்பட்டியில் விவசாய ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கிறார்கள். இந்த மண்ணின் பேச்சுக்காகத் தனியாக ஓர் அகராதியே தொகுத்தவர் கி. ராஜநாராயணன். அவருடைய இடைசெவல் கோவில்பட்டிக்குத் தெற்கே, நெல்லை போகும் வழியில் இருக்கிறது.

சாலையோரம் வேலிக்காத்தான் புதர்கள். அவற்றிலிருந்து திடீரென்று மயில்கள் குறுக்கே ஓடின. முருகனுக்கு வாகனம்தான், ஆனால் மோட்டார் சைக்கிள்காரனுக்கும், பயிர் போட்டவனுக்கும் பெரிய சோதனை.

இளையரசனேந்தல் என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள், எத்தனை கம்பீரமாக இருக்கிறது! 'ஏந்தல்' என்றால் தலைவன் என்று ஒரு பொருள். நீர்நிலை என்று ஒரு பொருள். ராமநாதபுரம், நெல்லைச் சீமைகளில் ஏந்தல் என்று முடியும் ஊர்கள் பல. மழையை நம்பும் பூமியில் அரசனுக்கும் தண்ணீருக்கும் ஒரே சொல் அமைந்தது பொருத்தம்தானே? இதுவும் ஒரு ஜமீன் ஊராக இருந்தது. 1948-ஆம் வருஷச் சட்டத்தால் ஜமீன்கள் ஒழிந்தபோது இதுவும் மற்ற ஊர்களோடு ஊராயிற்று.

ஒரு காலத்தில் திருநெல்வேலி மாவட்டம் சங்கரன்கோவில் தாலுகாவில் இருந்த ஊர் இது. பிறகு வருவாய்க் கணக்கைத் தூத்துக்குடி மாவட்டம் கோவில்பட்டித் தாலுகாவுக்கு மாற்றினார்கள். பஞ்சாயத்து நிர்வாகம் மட்டும் குருவிகுளம் ஒன்றியத்தோடேயே நின்றுவிட்டது. 2019 நவம்பரில் தென்காசி மாவட்டம் தனியாகப் பிறந்தபோது அந்த ஒன்றியம் அங்கே போய்விட்டது. பட்டாவுக்கு ஒரு மாவட்டம், தெருவிளக்குக்கு ஒரு மாவட்டம் என்று மக்கள் அலைந்தார்கள். தங்கள் பகுதியின் 12 பஞ்சாயத்துக்களையும் கோவில்பட்டி ஒன்றியத்திலேயே சேர்க்கச் சொல்லிப் பல ஆண்டுகள் கோரிக்கை வைத்தார்கள். பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவே ரேஷன் கார்டோடு நிற்கிற பெண்ணின் நிலைமை உங்களுக்குத் தெரியுமல்லவா? அதைப் போலத்தான்.

சாலையா, களமா?

ஊரில் இட்லி சாப்பிட்டுவிட்டுக் குருவிகுளம் பாதையில் புறப்பட்டோம். சாலை காலியாக இருந்தது. காலியான சாலை வாலிபர்களுக்கு ஆகாது. மாணவன் ஹவில்தார் ஐயாவை முந்திக்கொண்டு பாய்ந்தான். வளைவில் மறைந்தான். அடுத்த நிமிஷம் 'சர்ர்...' என்று ஒரு சத்தம்.

நாங்கள் வளைவைத் தாண்டியபோது வண்டி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். சாலையில் பாதி அகலத்துக்கு உளுந்தஞ்செடி பரப்பியிருந்தது. செடிக்கடியில் உருண்டை உருண்டையாய் உளுந்து. தார்ச்சாலையில் காய்ந்த உளுந்தின் மேல் சக்கரம் ஏறினால் பாசி மேல் கால் வைத்த கதைதான். நல்ல வேளையாக உள்ளங்கையும் முழங்காலும் சிராய்த்ததோடு போயிற்று. தலைக்கவசத்தில் நீளமாக ஒரு கீறல். அந்தக் கீறல் எங்கே விழுந்திருக்க வேண்டியது என்று நினைத்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

எழுபத்தைந்து வயதுக்குக் குறையாத ஒரு பாட்டி, செம்பில் தண்ணீரோடு ஓடிவந்தாள். காலைக் கழுவிவிட்டாள். காயம் பெரிதில்லை என்று தெரிந்ததும் வாயைத் திறந்தாள்.

"ஏ ராசா, மெதுவா வரப்புடாதா? இம்புட்டு வேகமாப் போயி யாருக்குத் தாலி கட்டப் போற?"

அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ரோட்டில் செடியைப் போட்டது யார் குற்றம்? இது என்ன உங்கள் களமா?" என்றான்.

"களம்தான் ராசா" என்றாள் பாட்டி. "எங்களுக்குக் களம் எங்க இருக்கு? முந்தி மாடு கட்டி மிதிச்சோம். இப்ப மாடு இருக்கா? மிசினுக்கு மணிக்கணக்குல வாடகை கேக்கான். ரெண்டு குறுக்கத்து உளுந்துக்கு அதக் குடுத்தா எனக்கு மிஞ்சுறது பொட்டுதான். காரும் பஸ்சும் ஏறிப்போனா நெத்து உடைஞ்சிரும். கூலி கிடையாது."

"அதற்கு ஞாயிற்றுக்கிழமைதானா கிடைத்தது?" என்றான் அவன். அது சும்மா வாய்க்கு வந்த கேள்வி. பாட்டியின் பதில் அப்படி இல்லை.

"வாரத்துல ஆறு நாளு மருமக தீப்பெட்டி ஆபீசுக்குப் போறா. இந்த ஒரு நாளுதான் கூட ஆளு. அவ அந்தா, மறு நடை செடி எடுக்கப் போயிருக்கா."

இந்தப் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை 'ஆபீஸ்' என்றுதான் சொல்கிறார்கள். நாங்கள் உல்லாசமாகச் சுற்றுவதற்கென்று வைத்திருந்த அதே ஒரு நாள், அந்த வீட்டில் இரண்டாவது வேலைக்கென்று ஒதுக்கிய நாள். மாணவன் பதில் பேசவில்லை. நாங்களும் பேசவில்லை.

கிழக்கே ஒரு மேகம்

அப்போதுதான் பாட்டி கிழக்கே பார்த்தாள். அவள் முகம் மாறியதைக் கண்டு நாங்களும் பார்த்தோம். கறுப்பாக ஒரு மேகம் ஏறிக்கொண்டிருந்தது.

நகரத்தில் இருக்கிற நமக்குத் தை மாதத்து மழை ஒரு சந்தோஷம். மொட்டை மாடியில் காயும் துணியை எடுத்துவிட்டால் தீர்ந்தது. இங்கே அது வேறு கதை. 2021 ஜனவரியில் பெய்த மழையில் இந்தப் பக்கத்து உளுந்தும் பாசியும் அறுவடைக்கு நின்ற நிலையிலேயே வீணாய்ப் போயின. நனைந்த உளுந்து முளைவிடும். முளைவிட்ட உளுந்தை யார் வாங்குவார்கள்? புரட்டாசியிலிருந்து பட்ட பாடு அரை மணி நேரத்தில் போய்விடும்.

"டீச்சர், இப்பவே கிளம்பினால்தான் சங்கரன்கோவிலில் நடை சாத்துவதற்குள் போகலாம்" என்றார் பாங்க் அதிகாரி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு.

டீச்சரம்மா கையுறையைக் கழற்றினார். "கடைசி வண்டி நின்றால் எல்லா வண்டியும் நிற்கவேண்டும். அதுதானே நம் சட்டம்?" என்றார். பிறகு பாட்டியிடம், "எதை முதலில் எடுக்கணும், சொல்லுங்கம்மா" என்றார்.

ஹவில்தார் ஐயாவுக்குப் பழைய பட்டாள உற்சாகம் வந்துவிட்டது. சாலையின் இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு வண்டியை விளக்கைப் போட்டு நிறுத்தினார், வருகிற கார்கள் மெதுவாக வரட்டும் என்று. மிதிபட்ட செடியை உதறி உதறி ஓரமாக எடுத்துப் போட்டோம். பாங்க் அதிகாரியின் மனைவி விளக்குமாறு பிடித்து உளுந்தைக் கூட்டிக் குவித்தார். அவர் கணவர் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டார். யோசனை ஒன்றும் சொல்லவில்லை. மருமகள் தலைச்சுமையோடு வரப்பில் ஓடிவந்தவள், தலைக்கவசம் போட்ட கூட்டம் தன் உளுந்தை அள்ளிக்கொண்டிருப்பதைப் பார்த்துத் திகைத்து நின்றுவிட்டாள். "களவாணி இல்லடி, விருந்தாளி!" என்று கத்தினாள் பாட்டி.

மூன்று மூட்டை உளுந்து தேறியது. மிதிபடாத செடியை அம்பாரமாகக் குவித்து, யெஸ்டிக்காரர் தம் வண்டிக்கு வைத்திருந்த தார்ப்பாயைப் போட்டு மூடினார். மூட்டைகளை ஊருக்குள் சேர்க்க வேண்டுமே? ஒன்றை ஹவில்தார் ஐயா ஏற்றிக்கொண்டார். ஒன்றை, முழங்காலில் கட்டுப் போட்டிருந்த மாணவன், யாரும் சொல்லாமலே தன் ஆகாய விமானத்தில் வைத்துக்கொண்டான். மூன்றாவதை யெஸ்டி சுமந்தது. வழி காட்டப் பாட்டி வேண்டும். டீச்சரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் இறங்கிவிட்டேன்.

பாட்டி கண்டாங்கியைச் செருகிக்கொண்டு என் இடத்தில் ஏறி உட்கார்ந்தாள். என்னைப் போல முருகனைக் கூப்பிடவில்லை. "ஜமீன் வீட்டுக் காரைச் சின்னப் பிள்ளையில பாத்திருக்கேன். பொம்பள ஓட்டிப் பொம்பள போறத இன்னிக்குத்தான் பாக்கேன். விடு தாயி!" என்றாள். புல்லட் 'டப் டப்' என்று கிளம்பியது. நான் நடந்து போனேன்.

கடைசி மூட்டை திண்ணையேறியதும் தூறல் விழுந்தது. பத்து நிமிஷம் பெய்து நின்றுவிட்டது. அவ்வளவுதான். ஆனால் அந்தப் பத்து நிமிஷம் போதும், மூன்று மூட்டையையும் நனைக்க. பாட்டி எங்களுக்கு மோர் கொடுத்தாள். காசு கொடுக்கப் பார்த்தோம். அவள் பார்த்த பார்வையில் அதைச் சட்டைப்பைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டோம். மாணவன் மட்டும் வாசலில் தயங்கி நின்று, "பாட்டி, நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றான். "போடா, காலுக்கு மஞ்சள் வை" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

சாத்திய நடையும் திறந்த மலையும்

எதிர்பார்த்தபடியே சங்கரன்கோவிலில் நடை சாத்தியிருந்தது. ஒரு பாதி சிவனும் மறு பாதி திருமாலுமாக நிற்கும் சங்கரநாராயணரையும், அவரை அப்படி ஒரே வடிவில் காண்பதற்காகத் தவமிருந்த கோமதி அம்மனையும் அன்று பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. ஆடித்தபசுக்கு லட்சம் பேர் கூடுகிற வீதியில் அப்போது ஒரு காளை மட்டும் படுத்திருந்தது. பூக்கடையில் மல்லிகை வாங்கிக்கொண்டோம். பிறகு ஊருக்கே பெயர் வாங்கித் தந்த பிரியாணியைச் சாப்பிட்டோம். சைவர்களுக்குப் பக்கத்துத் தெருவில் சாம்பார் கிடைத்தது. எனக்கு எது கிடைத்தது என்று என் மனைவி இந்த இதழைப் படிப்பதால் எழுதவில்லை.

மாலையில் கழுகுமலை. அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்துக்கு உரிய முருகன் கோயில் கொண்ட ஊர். மலைமேல் இருக்கும் வெட்டுவான் கோயிலை நீங்கள் அவசியம் பார்க்கவேண்டும். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்துச் சிற்பிகள், கல்லை அடுக்கிக் கட்டாமல், மலையையே மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். விமானம் முடிந்துவிட்டது, அடிப்பகுதி முடியவில்லை. பாதியில் நின்ற காரணம் யாருக்கும் தெரியாது.

சற்றுத் தள்ளிப் பாறையில் வரிசை வரிசையாகச் சமண தீர்த்தங்கரர்களின் திருவுருவங்கள். கீழே வட்டெழுத்தில் அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள். அவர்களில் 'குரத்தியார்' என்று சொல்லப்படும் பெண் ஆசிரியர்களும் உண்டு. ஆயிரத்து இருநூறு வருஷங்களுக்கு முன்னால் இந்த மலையில் பெண்கள் குருவாக இருந்து, மாணாக்கர்களை வைத்திருந்திருக்கிறார்கள்! நான் இதைச் சொன்னதும் டீச்சரம்மா அந்தப் பாறையையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "காலையில் வான் பியூரன் சகோதரிகளைப் பற்றிப் பேசினேன். நம் வீட்டுக்காரர்களை மறந்துவிட்டேனே" என்றார்.

கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்கினோம். 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற மிட்டாய் அது. மாணவன் திரும்பும் வழி முழுவதும் ஹவில்தார் ஐயாவுக்கு அடுத்தபடியாகவே வந்தான்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள்

நேயர்களே! தை, மாசி மாதங்களில் தெற்கத்திச் சாலைகளில் காரிலோ ஸ்கூட்டரிலோ போகும்போது தானியம் பரப்பியிருப்பதைப் பார்ப்பீர்கள். அதனால் ஆபத்து உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. இரு சக்கர வண்டிகள் வழுக்கும். காரின் அடியில் காய்ந்த தட்டை சுற்றிக்கொண்டு தீப்பிடித்ததும் உண்டு. சாலை களமாக இருக்கக் கூடாதுதான். ஆனால் அதற்கு வழி பாட்டியைத் திட்டுவதல்ல. கிராமத்துக்கு ஒரு சிமெண்ட் உலர்களமும், சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் ஓர் இயந்திரமும் இருந்தால், உளுந்து தானாகச் சாலையை விட்டு இறங்கிவிடும். அதுவரை, கொஞ்சம் மெதுவாகப் போங்கள். நாளைக் காலை உங்கள் வீட்டுத் தோசைக்கல்லில் ஊற்றப் போவது அதுவாகவே இருக்கலாம்.

மறுநாள் சென்னை வந்து சேர்ந்தேன். துவைப்பதற்கு முன் என் சட்டைப்பையை உதறிய மனைவி, "இது என்ன, ஒரு கைப்பிடி உளுந்து?" என்று கேட்டாள். எப்போது விழுந்தது என்று எனக்கே தெரியவில்லை. நடந்ததையெல்லாம் சொன்னேன். மூக்கின் மேல் விரலை வைத்துக் கேட்டுவிட்டு, அதைக் கொண்டுபோய் மாலையில் ஊறப்போட்டிருந்த உளுந்தோடு சேர்த்தாள்.

மழைக்குத் தப்பி வந்த உளுந்து கடைசியில் என் வீட்டுப் பாத்திரத்துத் தண்ணீரில்தான் விழுந்தது. ஆனால் இட்லி மல்லிகைப்பூ மாதிரி இருந்தது.

"அடுத்த மாதமும் போகிறார்களாமா?" என்றாள் மனைவி.

"போகிறார்கள். ஏன்?"

"அந்த டீச்சரம்மாவுக்குப் பின்னால் எனக்கு இடம் கிடைக்குமா என்று கேளுங்கள்!"